சதுக்கப் பூதமும் மதுரைக்குப் போன வழிப்போக்கனும்

கேள்வி: 3 ஜூன், மாலை 6.15

மாயக்கதை ஒன்றை எழுதத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. வழிப்போக்கன் ஒருவன் கறாரான நகரம் ஒன்றுக்கு வருகிறான். யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் யாரோடு பேசலாம், எந்த வீட்டில் எத்தனை நாழிகை விளக்கு எரியலாம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே விதி. அந்த ஊரில் பேய்களும் உண்டு. அங்கேதான் கதை படுத்துவிட்டது. பேய் வந்ததும் விதி பொம்மையாகிறது. விதி கெட்டியாக நின்றால் பேய் வெறும் புகையாகிறது. இரண்டும் ஒரே கதையில் சேராது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். சேரும் என்பவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 9.40

சேரும். புகாரில் சேர்ந்திருக்கிறது.

புகார் எனப்படும் காவிரிப்பூம்பட்டினத்தில் ஐந்து மன்றங்கள் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவற்றில் ஒன்று பூத சதுக்கம். நான்கு தெருக்கள் கூடும் இடத்தில் ஒரு பூதம், கையில் பாசக் கயிறு. யாரையெல்லாம் பிடிக்கும் என்பதற்குப் பட்டியலே இருக்கிறது: தவவேடம் போட்டு ஏமாற்றுகிறவர்கள், கணவனுக்குத் தெரியாமல் தவறு செய்கிற பெண்கள், அரசனுக்கு உள்ளிருந்தே குழி பறிக்கும் அமைச்சர்கள், பிறன் மனைவியை விரும்புகிறவர்கள், பொய்ச்சாட்சி சொல்கிறவர்கள், புறங்கூறுகிறவர்கள். இவர்களைக் கயிற்றால் கட்டி, அடித்துத் தின்னும். அதன் குரல் நான்கு காதம் கேட்கும்.

இந்தப் பேய் விதியைக் கெடுக்கவில்லை. விதிக்குக் கையும் வாயும் வைத்தால் என்ன கிடைக்குமோ அதுவாக இருக்கிறது. உங்கள் நகரத்தில் பேய் விதிக்கு வெளியே நிற்கிறது போலிருக்கிறது. உள்ளே கொண்டுவந்து பாருங்கள்.

3 ஜூன், இரவு 11.30

தூக்கம் வரவில்லை. அதே பூதத்தைப் பற்றி இன்னொன்று. எனக்கு முதல் கதையைவிட இதுதான் பெரிது.

மருதி என்று ஒரு பார்ப்பனப் பெண். காவிரியில் நீராடிவிட்டு வருகிறாள். ககந்தன் என்ற அரசனின் மகன் அவளைப் பார்த்து, வா என்று அழைக்கிறான். அவள் உடைந்துபோகிறாள். பிறன் நெஞ்சில் நான் புகுந்தேன் என்றால் என்னிடம் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று நினைக்கிறாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே சதுக்கத்துக்குப் போய்ப் பூதத்திடமே கேட்கிறாள்: நான் செய்த தவறு என்ன? என்னை ஏன் நீ பிடிக்கவில்லை?

பூதம் பதில் சொல்கிறது. அதில் ஒரு பாதி எனக்குப் பிடிக்கவே இல்லை. நீ பொய்க்கதைகளையும் விடுகதைகளையும் கேட்டாய், விழாவை விரும்பினாய், கணவனை விட்டுத் தெய்வத்தைத் தொழுதாய், அதனால்தான் உன் சொல்லுக்கு மழை பெய்யவில்லை என்கிறது. தெருவில் ஒருவன் கையை நீட்டியதற்கு, கதை கேட்டதை இவள் மேல் குற்றமாக வைக்கிறது. பூதம் எந்த ஊர்க்காரன் என்பது அந்த இடத்தில் நன்றாகத் தெரிகிறது.

மறுபாதிதான் உங்கள் கேள்விக்கு விடை. என் பாசம் உன்னைக் கட்டாது. அவனைத் தண்டிக்க அரசனுக்கு ஏழு நாள் உண்டு. அரசன் தவறிய பிறகுதான் என் முறை. அதற்கு முன்னால் 'என்முறை இல்லை' என்கிறது.

நான்கு காதம் கேட்கக் கத்துகிற, மனிதனை அடித்துத் தின்கிற ஒரு பூதம், தன் முறை வரும்வரை காத்திருக்கிறது! அரசனும் அந்த ஏழு நாளுக்குள் தன் மகனைத் தானே வாளால் வெட்டிவிடுகிறான். பூதம் கயிற்றைத் தொடவே இல்லை.

இதை ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் சொன்னேன். "அதிகார வரம்பு தெரிந்த பூதம்" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். 

4 ஜூன், காலை 7.05

திருத்தம். நேற்று இரண்டு கதையையும் ஒரே நூலில் இருப்பது போல எழுதிவிட்டேன். ஐந்து மன்றங்களும் அந்தப் பட்டியலும் சிலப்பதிகாரத்தில், இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் வருகின்றன. மருதி மணிமேகலையில் வருகிறாள், சிறைசெய் காதையில்.

4 ஜூன், இரவு 10.20

"பூதம் காவல்காரன் வேலை பார்க்கிறது, சரி. என் வழிப்போக்கனுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். மருதி அந்த ஊர்க்காரி. எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கோவலனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எங்களுக்கு வழக்குரை காதை மட்டும் பாடம். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, அரசன் விழுந்தான், அவ்வளவுதான். மாதவியிடம் போனவன், செல்வத்தைத் தொலைத்தவன் என்ற கோவலன்தான் முப்பது வயதுவரை எனக்குத் தெரிந்தவன். பிறகு ஒரு மழைக்காலத்தில் முழு நூலையும் உரையோடு படித்தேன். அடைக்கலக் காதையில் வேறொரு கோவலன் வந்து நின்றான்.

மாடலன் என்ற மறையோன் மதுரைக்கு வெளியே கோவலனைச் சந்தித்து, அவன் முன்பு செய்த நல்லவற்றை அவனிடமே சொல்கிறான். புகாரில் ஒருவன், கற்புள்ள ஒரு பெண்ணைப் பற்றி அவள் கணவனிடம் பொய்ச்சாட்சி சொல்லிவிடுகிறான். சதுக்கப் பூதம் அவனைக் கட்டிவிடுகிறது. அவனைப் பெற்றவள் கதறுகிறாள். கோவலன் அந்தப் பாசத்துக்குள் தானே போய் நின்று, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்கிறான். பூதம் மறுக்கிறது. கெட்டவன் உயிருக்கு நல்லவன் உயிரை வாங்கிக்கொண்டு மேலுலகத்தை நான் இழக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தாயின் கண்ணெதிரே அவனை அடித்துத் தின்கிறது. கோவலன் அந்தத் தாயையும் சுற்றத்தாரையும் தன் பொறுப்பில் வைத்துப் பல ஆண்டுகள் காப்பாற்றுகிறான்.

பூதத்திடம் பேரம் பேசிய மனிதன் இவன். அடித்துத் தின்கிற ஒன்றின் எதிரே நின்று பேசியிருக்கிறான், அதுவும் பதில் சொல்லியிருக்கிறது. புகாரில் அவனுக்கு அந்த இடம் இருந்தது. மாசாத்துவான் மகன், பெருவணிகர் குடி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மதுரைக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

5 ஜூன், மதியம் 1.10

மதுரைக்கு முன்னால் காடு. இங்கேதான் அவன் உண்மையிலேயே வழிப்போக்கன்.

மாங்காட்டு மறையோன் ஒருவன் மதுரைக்கு மூன்று வழி உண்டு என்று விவரிக்கிறான். நடுவழியில் போனால் வழிப்போவாரை மயக்கும் கானுறை தெய்வம் ஒன்று உண்டு என்று எச்சரிக்கிறான். அந்த வழியில்தான் போகிறார்கள். கண்ணகி களைத்துப்போகிறாள். கோவலன் தண்ணீர் தேடி ஒரு நீர்நிலைக்குப் போகிறான். அங்கே வசந்தமாலை நிற்கிறாள். மாதவியின் தோழி. காலில் விழுந்து நடுங்கி அழுகிறாள். மாதவி என்னைப் பழித்தாள், துரத்திவிட்டாள், நீங்கள் மதுரைக்குப் போவதைக் கேள்விப்பட்டு வணிகர் கூட்டத்தோடு வந்து தவித்தேன் என்கிறாள்.

பல்லைக் காட்டி, முடியை விரித்து வரும் பேயைப் பார்த்தால் ஓடிவிடலாம். விட்டுவிட்டு வந்த வீட்டிலிருந்து, தெரிந்த முகத்தோடு, தெரிந்த பேர்களைச் சொல்லிக்கொண்டு வருவதை என்ன செய்வது? கோவலனுக்கு மறையோன் சொன்னது நினைவுக்கு வருகிறது. கொற்றவை மந்திரத்தைச் சொல்கிறான். உருவம் கலைகிறது. நான் வனசாரிணி, மயக்கினேன், உன் மனைவிக்கும் உடன் வரும் துறவி கவுந்திக்கும் இதைச் சொல்லாமல் போ என்று சொல்லிவிட்டு மறைகிறது.

அடுத்து அவன் செய்வது ஒன்றுதான். தாமரை இலையில் தண்ணீர் கொண்டுபோய் மனைவிக்குக் கொடுக்கிறான். நடந்ததைச் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. அந்த இலையை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடக்க வேண்டும், வேகமாக நடக்க முடியாது. மாதவியின் பேரைக் கேட்டுவிட்டு, கண்ணகியை நோக்கி அப்படி மெதுவாக நடக்கிறான்.

5 ஜூன், மதியம் 1.45

மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். மார்க்கோ போலோ லோப் பாலைவனத்தைப் பற்றிச் சொல்லும்போது, கூட்டத்திலிருந்து பின்தங்கியவனை ஆவிகள் பேர் சொல்லிக் கூப்பிடும், கூட வந்தவர்கள் குரலிலேயே கூப்பிடும், அவன் அந்தப் பக்கம் போய்த் தொலைந்துவிடுவான் என்கிறார். 399இல் சாங்கானிலிருந்து புறப்பட்ட சீனப் பௌத்தத் துறவி ஃபாஹியானும் பாலைவனத்தில் தீய ஆவிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். வழி காட்ட இறந்தவர் எலும்புகளைத் தவிர வேறு அடையாளம் இல்லை என்கிறார். வழியில் வரும் பேய்க்கு வழிப்போக்கனின் பேர் தெரிந்திருக்கிறது. ஊருக்குள் போனால்தான் அவன் பேர் யாருக்கும் தெரியாது.

5 ஜூன், இரவு 11.00

மதுரை.

கோவலன் சிலம்பை விற்க வருகிறான். அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருக்கும் பொற்கொல்லன் கண்ணில் படுகிறான். பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டது. அரசனோ ஊடலில் போன அரசியைச் சமாதானப்படுத்த அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறான். சிலம்பு இவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலர்களிடம் சொல்லிவிடுகிறான். விசாரணை என்ற ஒன்று இல்லை. மருதிக்காகப் புகாரில் ஒரு பூதமே ஏழு நாள் காத்திருந்தது!

காவலர்களுக்குச் சந்தேகம் வருகிறது. முகத்தைப் பார்த்தால் இவன் கள்வன் மாதிரி இல்லை என்கிறார்கள். பொற்கொல்லன் அப்போது ஒரு பாடமே நடத்துகிறான். கள்வர்களுக்கு எட்டு துணை உண்டு: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. மந்திரத்தை நாவில் சொல்லிக்கொண்டார்கள் என்றால் தேவகுமாரர் போல நம் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள் என்கிறான்.

என்ன செய்கிறான் என்று பாருங்கள். எதிரே உயிரோடு நிற்கும் மனிதனைச் சொல்லாலேயே பேயாக்குகிறான். மறைவான், உருமாறுவான், பிடித்தால் நழுவுவான், ஆகவே இப்போதே வெட்டு. நான்கு நாள் முன்பு பார்த்தால் காட்டில் மந்திரம் சொல்லிப் பேயை விரட்டியவன் இவன். ஊருக்குள் வந்ததும் மந்திரக்காரன் என்ற பேரில் இவனே பேய். கடைசியில் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

மதுரையில் ஒரு சதுக்கப் பூதம் இருந்திருந்தால் பாசம் விழுந்திருக்க வேண்டியது பொற்கொல்லன் கழுத்தில். பொய்ச்சாட்சி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. மதுரையில் பூதம் இல்லை. உங்கள் கதைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: வழிப்போக்கன் பேய் இருக்கும் ஊரைவிட, பேய் இல்லாத கறாரான ஊரைப் பார்த்துத்தான் நடுங்க வேண்டும்.

6 ஜூன், காலை 5.50

நேற்று இரவு எழுதியதில் கடைசிப் பத்தி தவறு. முழுத் தவறு. எழுந்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டு விஷயங்களைத் திருத்தியாக வேண்டும்.

முதலில் சின்னது. "நான்கு நாள் முன்பு" என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கு நூலில் இல்லை, நான் போட்டது. அடித்துவிடுங்கள்.

இரண்டாவது: மதுரையில் பூதம் இருந்தது. ஒன்றல்ல, நான்கு. அழற்படு காதையில் நகரம் எரியத் தொடங்கியதும் அவை வெளியேறுகின்றன. வருணத்துக்கு ஒன்றாக நான்கு பூதங்கள். அந்தணருக்கான ஆதிப் பூதம் நிலா நிறம். அரச பூதம் பவள நிறம். வணிக பூதம் பொன் நிறம், கையில் துலாக்கோல். வேளாண் பூதம் கருவிளைப் பூவின் நிறம். அரசன் முறை தவறும் நாளில் இந்த நகரம் தீக்கிரையாகும் என்பது நமக்கு முன்பே தெரியும், ஆகவே நாம் போவதுதான் சரி என்று சொல்லிக்கொண்டு போகின்றன.

அவற்றுக்கு முன்பே தெரியும். வணிகன் ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடந்தபோது, துலாக்கோல் ஏந்திய வணிக பூதம் அதே ஊரில்தான் இருந்திருக்கிறது.

இதை நான் பல வருடங்களுக்கு முன் படித்திருக்கிறேன். நேற்று வாதத்துக்கு வசதியாக மறந்துவிட்டேன். மறந்ததை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நினைவு வந்த பிறகு விஷயம் இன்னும் ஆழமாகிறது.

6 ஜூன், மாலை 7.30

நாள் முழுக்க இதே யோசனை. 

புகாரின் பூதத்துக்கு வருணம் இல்லை. தவறு செய்தவன் யார் என்று அது பார்க்கவில்லை, என்ன தவறு என்றுதான் பார்த்தது. மதுரையின் பூதங்களுக்கு மனிதர்களைப் போலவே வரிசை இருந்தது, நிறம் இருந்தது, கையில் என்ன ஏந்த வேண்டும் என்று இருந்தது. ஒழுங்கு பேய் வரைக்கும் போய்விட்டது. அவரவர் இடத்தில் அவரவர் நின்றார்கள். இடமே இல்லாத ஒருவன் வந்தபோது அவனைப் பார்க்க வேண்டியது எந்தப் பூதத்தின் வேலை? அவன் வணிகன்தான், ஆனால் அந்த ஊர் வணிகன் இல்லை.

உங்கள் நகரத்தில் பேய்களுக்கும் தெருப் பிரித்துக் கொடுங்கள். அப்புறம் உங்கள் வழிப்போக்கனை உள்ளே விடுங்கள்.

7 ஜூன், காலை 9.15

"ஆனால் அவை பூதம், செத்தவர்களின் ஆவி இல்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை. செத்தவர்கள் வேண்டுமானால் மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துக்குப் போங்கள். ஊரார் சுடுகாட்டுக் கோட்டம் என்பார்கள். சுடுகிறவர்கள், வெறுமனே போட்டுவிடுகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைக்கிறவர்கள், தாழியால் கவிக்கிறவர்கள் என்று அடக்கம் செய்யும் முறையே ஐந்து. நான்கு வருணத்துக்கும் வேறுவேறாகச் சுடுமண்ணால் எழுப்பிய கோட்டங்கள். செத்த பிறகும் அவரவர் வரிசை. முதியவன், இளையவன், தவசி, செல்வன் என்று பார்க்காமல் கொன்று குவிக்கிறான் காலன் என்று சொல்கிற அதே பகுதியில்தான் இதுவும் வருகிறது. 

சார்ங்கலன் என்ற சிறுவன் அங்கே தனியாக வழி தப்பிப் போய், பிணத்தின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆடும் பேயைப் பார்த்துவிடுகிறான். ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். தாய் கோதமை, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைக் கொடு என்று சம்பாபதித் தெய்வத்திடம் கெஞ்சுகிறாள். முடியாது என்கிறது தெய்வம். இங்கேயும் உயிருக்கு உயிர் கிடையாது. கோவலனுக்குப் பூதம் சொன்ன அதே பதில். இந்த ஒற்றுமை எனக்கு இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

8 ஜூன், இரவு 10.45

கொஞ்சம் விலகிப் போகிறேன்.

என் அப்பா இறந்து ஆறு வருடம். வீட்டு மின் இணைப்பு சென்ற வருடம்வரை அவர் பேரில்தான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவர் பேருக்கு ரசீது வரும், நான் கட்டுவேன். பெயர் மாற்றத்துக்காக ஒரு நாள் போனேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கையில். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், அப்பாவின் பேரைச் சத்தமாகப் படித்தார். அவர் போன பிறகு யாரும் அந்தப் பேரை அப்படி முழுசாக, தகப்பன் பேரின் முதல் எழுத்தோடு, கூப்பிட்டதில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர் வேலை அது. அந்த ஜன்னல் முன்னால் அப்பாவுக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை. ஏட்டில் பேர் இருப்பவர்தான் இருப்பவர். ஏட்டில் இல்லாதவன் ஆவி. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது, ஏனோ கோவலன் ஞாபகம்தான் வந்தது.

8 ஜூன், இரவு 11.20

இதற்குப் பொருத்தமான ஒன்று கலிவரின் பயணங்களில் இருக்கிறது. ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதி 1726இல் வந்த நூல். குழந்தைகளுக்கான சுருக்கப் பதிப்புகளில் குள்ளர்களும் ராட்சதர்களும்தான் இருப்பார்கள், மூன்றாம் பாகம் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் எழுதப்போகும் கதைக்கு அந்தப் பாகம்தான் வேண்டும்.

அதில் குளப்டப்டிரிப் என்று ஒரு தீவு. அதன் ஆளுநர் இறந்தவர்களை எழுப்பி வேலை வாங்குகிறார். அதற்கும் விதி: 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதே ஆவியை மூன்று மாதத்துக்குள் திரும்பக் கூப்பிடக் கூடாது. கலிவருக்கு முதலில் உடம்பு சிலிர்க்கிறது, சில நாளில் பழகிவிடுகிறது. அலெக்சாந்தரைக் கூப்பிட்டுக் கேட்கிறான். எனக்கு யாரும் விஷம் வைக்கவில்லை, அளவு மீறிக் குடித்துக் காய்ச்சலில் செத்தேன் என்கிறார் அவர். ஆவிகள் அங்கே உண்மை பேசுகின்றன. பொய்யெல்லாம் உயிரோடு இருந்தவர்கள் எழுதிவைத்தது.

அடுத்த ஊர் லக்நாக். அரசனைப் பார்க்கப் போகிறவன் தரையின் தூசியை நக்கிக்கொண்டே ஊர்ந்து போக வேண்டும். அந்த நாட்டில் சாகாமலே இருக்கும் சிலர் பிறக்கிறார்கள். 80 வயது முடிந்ததும் சட்டப்படி அவர்கள் செத்தவர்கள். சொத்து வாரிசுகளுக்குப் போய்விடும், வயிற்றுப்பாட்டுக்கு ஏதோ கொஞ்சம் ஒதுக்குவார்கள். மூச்சு இருக்கிறது, ஏட்டில் பேர் இல்லை. என் அப்பாவுக்கு நேர் எதிர்.

10 ஜூன், மாலை 6.00

இரண்டு நாள் ஒதுங்கியிருந்தேன். முந்தைய குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது, கோவலனை ரொம்பவும் வெள்ளையாகக் காட்டிவிட்டேனோ என்று தோன்றியது. 

நகரம் எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்புறமாக வந்து நிற்கிறது. கோவலன் முற்பிறப்பில் யார் என்று சொல்கிறது. கலிங்கத்தில் சிங்கபுரம், கபிலபுரம் என்ற இரண்டு ஊர் அரசர்களுக்குள் பகை. கபிலபுரத்து வணிகன் சங்கமன், மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வந்து கடைத்தெருவில் பண்டம் விற்கிறான். அங்கே அரசனிடம் வேலை பார்த்த பரதன், இவன் பகைவனின் ஒற்றன் என்று காட்டிக்கொடுக்கிறான். சங்கமனைக் கொன்றுவிடுகிறார்கள். நீலி 14 நாள் அழுது திரிந்து, மலையேறிக் குதிக்கிறாள். எங்களுக்குச் செய்தவர் இதையே அனுபவிக்கட்டும் என்று சபிக்கிறாள். அந்தப் பரதன்தான் கோவலன்.

அதாவது வேற்றூர் வணிகனைப் பொய் சொல்லிக் கொல்லவைத்த பொற்கொல்லன் வேலையை, முன்பு ஒருமுறை கோவலனே செய்திருக்கிறான். 

இந்த விளக்கத்தை ஏற்க எனக்கு நெடுநாள் மனம் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு தெய்வம் வந்து கணக்குப் பார்த்துச் சொல்வதால் யாருக்கு என்ன? கண்ணகி அதைக் கேட்டுச் சமாதானம் ஆகவும் இல்லை. கணவனைக் காணாமல் இருக்கவும் மாட்டேன் நிற்கவும் மாட்டேன் என்று நடந்துகொண்டே இருக்கிறாள். இப்போது அதை வேறு மாதிரிப் படிக்கிறேன். வழிப்போக்கனை ஊர் கொல்வது ஒரு தடவை நடந்த விபத்து இல்லை, சிங்கபுரத்திலும் நடந்தது, மதுரையிலும் நடந்தது என்று அந்தத் தெய்வம் சொல்கிறது. சங்கமனுக்கும் விசாரணை இல்லை.

10 ஜூன், மாலை 6.10

புகாரை மட்டும் உயர்த்திப் பேசுகிறேன் என்ற குறை சரியானது. அந்தப் பூதம் மருதியிடம் பேசிய முதல் பாதியை நானே மேலே எழுதியிருக்கிறேன். அதோடு, இந்திரவிழா எடுக்க மறந்தால் சதுக்கப் பூதம் ஊரைவிட்டுப் போய்விடும் என்ற அச்சமும் புகாரில் இருந்திருக்கிறது. அதுவும் நிபந்தனையோடு இருந்த பூதம்தான்.

11 ஜூன், இரவு 9.30

"சரி, மாற்றி எழுதப் பார்க்கிறேன், தொடக்கத்துக்கு ஒரு பேய் கொடுங்கள்" என்கிறீர்கள். நான் எழுதினால் எங்கே தொடங்குவேன் என்று சொல்கிறேன்.

சிலப்பதிகாரத்தின் முகப்பில் உரைபெறு கட்டுரை என்று ஒரு சின்ன உரைநடை இருக்கிறது. பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். மதுரை எரிந்ததிலிருந்து பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, வெப்புநோய். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று வேள்வி செய்கிறான். நீர்ப்படைக் காதையில் இது திரும்ப வருகிறது; ஒரே பகலில் நடந்ததாக. அப்புறம் மழை பெய்கிறது, நாடு செழிக்கிறது. காவியம் இதை அமைதியாகச் சொல்லிவிட்டு நகர்கிறது.

பொய் சொன்னவன் ஒருவன். கொன்றது ஆயிரம் பேரை.

புகாரின் பூதம் கோவலனிடம் என்ன சொன்னது? கெட்டவன் உயிருக்கு நல்லவன் உயிரை வாங்க மாட்டேன். கோவலனே முன்வந்து கொடுத்த உயிரை அது தொடவில்லை. அதே கோவலன் பேரால், யாரும் முன்வராமலே, ஆயிரம் உயிரை அரசன் எடுத்துக்கொண்டான். அந்த ஆயிரம் பேரில் எவனாவது உரைகல்லில் பொன்னை உரசிக்கொண்டிருக்கும்போது எழுப்பிக் கூட்டிப் போயிருப்பார்கள். எவனுடைய குறட்டிலோ ஒரு தோடு பிடித்தபடியே இருந்திருக்கும். எதற்கு என்று கேட்டிருப்பான்.

என் வழிப்போக்கன் அதற்கு மறுநாள் மதுரைக்கு வருவான். மழை நின்று தெரு ஈரமாக இருக்கும். ஊரில் எல்லோரும் அவரவர் தெருவில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கொல்லர் தெருவில் மட்டும் ஊதுகுழல் சத்தம் இருக்காது. அவன் தங்க இடம் தேடி அந்தத் தெருவுக்குள் திரும்புவான். உலை அணைந்த ஒரு பட்டறை வாசலில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். தராசையும் குன்றிமணிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு தட்டில் ஒரு மணியைப் போட்டுவிட்டு, எதிர்த்தட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணிக்கொண்டிருப்பான். வழிப்போக்கன் நிழல் தட்டில் விழுந்ததும் நிமிர்ந்து பார்ப்பான்.

"வெளியூரா? உள்ளே வந்து உட்காரு. இந்த ஊரில் யாரிடமும் எதையும் விற்றுவிடாதே."